சஞ்சார விலாஸ் அரிசி டின்

5

முத்துக்கருப்பன் செட்டியார் ஒரு பழைய பஸ்ஸை வாங்கிப் பட்டறையில் விட்டு, உள்ளே கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, ஜன்னலுக்கு வெல்வெட் திரை தொங்கவிட்டு, நெற்றியில் ‘சஞ்சார விலாஸ்’ என்று எழுதி வைத்திருந்தார். பள்ளத்தூரில் இருக்கிற அரண்மனை மாதிரி வீட்டைச் சக்கரத்தில் ஏற்ற முடியவில்லையே என்பது அவருடைய நெடுநாள் குறை. முடியாத காரியத்தைப் பெயர் வைத்து முடித்துக்கொண்டார். டிரைவர் உட்காருகிற இடம் முகப்பு. கட்டில் கிடந்த இடம் வளவு. அடுப்பு மூலை இரண்டாம் கட்டு. பஸ்ஸின் முதுகில், வெளியிலிருந்து மட்டும் திறக்கிற கதவோடு, சாமான் அடைக்க ஓர் இருட்டறை இருந்தது. அது பின்கட்டு.

அந்தப் பின்கட்டிலிருந்துதான் வெள்ளி காணாமல் போயிருந்தது.

மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த வெள்ளிச் சாமான்களைத் திருக்கோஷ்டியூர்ப் பெருமாள் சன்னதியில் வைத்து எடுத்து வரலாம் என்று செட்டியார் புறப்பட்டாராம். திருடன் கண்ணில் படாமலிருக்க அவற்றை அரிசி டின்னுக்குள், அரிசிக்கு அடியில் புதைத்து வைத்தாராம். வழியில் டீ குடிக்க எல்லோரும் இறங்கினார்களாம். போய்ச் சேர்ந்து பார்த்தால் டின்னில் வெள்ளியும் இல்லை, அரிசியும் இல்லை. பின்கட்டுச் சாவி டிரைவர் அல்லாபிச்சையின் இடுப்பில்தான் தொங்கும். ஆகவே அல்லாபிச்சை லாக்கப்பில் இருந்தான். சஞ்சார விலாஸ் அதே போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் வாகை மரத்தடியில் நின்றது. மத்தியானம் அவனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த ஜீப்புக்குப் பெட்ரோல் போட்டாயிற்று. அதற்கப்புறம் ஜெயில்.

அல்லாபிச்சையின் மனைவி ஹாஜிரா காரைக்குடிக்கு வந்து அழுததன் பேரில், துப்பறியும் குழந்தைவேலுவும் அவருடைய உதவியாளர் முத்தழகும் அந்த ஸ்டேஷனில் வந்து இறங்கினார்கள். குழந்தைவேலு, பெயருக்குச் சம்பந்தமில்லாத உடம்புக்காரர். ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து, பொய் சொல்கிறவன் முகத்தைப் படித்துப் படித்து அலுத்து, அதையே தொழிலாக மாற்றிக்கொண்டவர். முத்தழகு கொத்தமங்கலத்துப் பெண். டைப் அடிக்க வந்தவள். டைப் அடிக்கும் வேகத்தைவிட வாயின் வேகம் கூடுதல் என்பதால் உதவியாளராக உயர்த்தப்பட்டவள்.

“நீங்க யாரு?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர். வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த இளைஞர். மீசையை மட்டும் சர்வீஸில் மூத்ததாக வைத்திருந்தார்.

“குழந்தைவேலு. காரைக்குடியில துப்பறியும் நிலையம் வச்சிருக்கேன்.”

“லைசென்ஸ் இருக்கா?”

“சைக்கிளுக்கு இருக்குங்க,” என்றாள் முத்தழகு.

அங்கிருந்த ஒரே நல்ல நாற்காலியை நிரப்பி உட்கார்ந்திருந்த செட்டியார் இருவரையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார். “டிரைவருக்கு வக்கீல் வைப்பாகன்னு கேள்விப்பட்டிருக்கேன். கூத்தாடிகளை வைக்கிறதை இப்பத்தான் பாக்குறேன்.”

“சன்மானம் நீங்க தர வேண்டியதில்லைங்கய்யா,” என்றாள் அவள். “கூத்தை மட்டும் பாருங்க.”

லாக்கப் கம்பிக்குப் பின்னால் அல்லாபிச்சை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். வந்தவர்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

“ஹாஜிரா அனுப்புனாக,” என்றார் குழந்தைவேலு.

“அவளுக்கு வேற வேலையில்லை. நீங்க வந்து என்னத்தப் பிடுங்கப் போறீக? மூணு பேருக்கு மூணு வாட்டி சொல்லியாச்சு. அந்த டின்னு காலி.”

“எப்பக் காலி?”

“கிளம்பறப்பவே காலி. தூக்கி ஏத்துனவன் நானு. எனக்குத் தெரியாதா? காலி டின்னுங்கிறதாலதான் மேல் தட்டுல கட்டுனேன். போயிப் பாருங்க. கண்ணு இருந்தா தெரியும்.”

“உங்களைக் காப்பாத்த வந்திருக்கோம். கொஞ்சம் மரியாதையாப் பேசலாம்ல?” என்றாள் முத்தழகு.

“காப்பாத்துன பொறவு பேசுறேன்,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெயில் வாகை மரத்தையும் மீறி வளாகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் வேண்டாவெறுப்பாகப் பின்கட்டுக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளேயிருந்து பழைய ஊறுகாய் வாடை முகத்தில் அறைந்தது.

அந்த வாடைக்கு ஒரு சரித்திரம் உண்டு. முதல் பயணத்தில், “என் வீட்டுச் சாமான் என்ன ஜெயில் கைதியா, கட்டிப் போடுறதுக்கு?” என்று செட்டியார் எதையும் கட்ட விடவில்லை. முதல் வளைவிலேயே ஆட்டுக்கல் போய் ஊறுகாய் ஜாடியைச் சந்தித்தது. ஒரு மாதம் சஞ்சார விலாஸ் போகிற ஊரெல்லாம் மாவடு மணந்தது. அதிலிருந்து கட்டுகிற பொறுப்பு அல்லாபிச்சைக்கு.

இப்போது உள்ளே எதுவும் அசைய இடமில்லை. கனமானதெல்லாம் தரையில்: ஆட்டுக்கல், டிரங்குப் பெட்டி, தண்ணீர் டிரம். இடுக்குகளில் சாக்கு. ஜாடிகள் ஒவ்வொன்றும் வைக்கோல் பிரிமணையில் உட்கார்ந்து, சுற்றிலும் வைக்கோல் திணித்து, பிரசவித்த பெண் மாதிரி பத்திரமாக இருந்தன. மேலே மெல்லிய பலகைத் தட்டு. அதில் முறம், தூக்குவாளி, சுருட்டிய ஜமக்காளம். மூலையில் பெரிய தகர டின். அதன் காதில் முடிந்து தொடங்கிய கயிறு தூக்குவாளி வழியாக, முறத்தை அணைத்து, கீழே இறங்கி, பெட்டியைச் சுற்றி, கதவோரக் கொக்கியில் வந்து முடிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே கயிறு.

“சரிங்க சார்,” என்றார் குழந்தைவேலு. “டின்னு இப்ப மேல் தட்டுல இருக்கு. நிறைய அரிசி, அதுக்குள்ள வெள்ளி. அவ்வளவு கனத்தை இந்தப் பலகை தாங்குமா?”

“தாங்காது. அதனால டின் கீழ இருந்திருக்கு. டீக் கடையில நிறுத்தினப்போ இவன் காலி பண்ணி மேல ஏத்திக் கட்டியிருக்கான். இதுக்குத் துப்பறியணுமா?”

“கீழ எங்க இருந்துச்சு?”

“என்னது?”

“டின்னு. கீழ எந்த இடத்துல இருந்துச்சு? கொஞ்சம் காட்டுங்க. நான் பஸ்ஸுல காலம் தள்ளுனவன். ஒரு ஆளு எந்திரிச்சுப் போனா சீட்டுல இடம் காலியாகும். இங்க இவ்வளவு பெரிய டின்னு எந்திரிச்சுப் போயிருக்கு. கீழ ஒரு தேங்காய் வைக்க இடமில்லையே.”

சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். பின்கட்டுத் தரை, தீபாவளிக்கு முதல் நாள் ஓடுகிற பஸ் மாதிரி இருந்தது. அவர் முகத்தில் ஒரு கணம் சந்தேகம் எட்டிப் பார்த்தது. செட்டியார் நாற்காலியை விட்டு எழுந்து வந்ததும் அது உள்ளே போய்விட்டது.

“நகர்த்தி வச்சிருப்பான்,” என்றார் செட்டியார். “கட்டத் தெரிஞ்ச பயலுக்கு அவுக்கத் தெரியாதா?”

“ஆமா, நகர்த்தியிருப்பான்,” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

“ஆட்டுக்கல்லையும் நகத்தி, சாக்கையும் திணிச்சு, இம்புட்டுக் கயித்தையும் கட்டி,” என்றாள் முத்தழகு, “டீ ஆறுறதுக்குள்ள. அப்ப இவரைப் பிடிச்சு ஜெயில்ல போடாதீக. கல்யாண வீட்டுக்குப் பந்தல் போட அனுப்புங்க.”

“இதோ பாரும்மா.” சப்-இன்ஸ்பெக்டருக்கு மூக்கு சிவந்தது. “கயிறு, பலகை, ஆட்டுக்கல் இதெல்லாம் எனக்கு வேணாம். கிளம்பறப்போ டின் நிறைய அரிசி இருந்ததா இவர் சம்சாரமே சொல்லிட்டாங்க. நானே ஜன்னலாண்டை நின்னு என் காதால கேட்டேன். டிரைவர் காலிங்கறான். அவங்க நிறையன்னாங்க. நான் யாரை நம்பறது?”

குழந்தைவேலு மறுபடி பின்கட்டுத் தரையைப் பார்த்தார். தரை பொய் சொல்லாது. செட்டியார் வீட்டு ஆச்சி பொய் சொல்லியிருக்கிறாள். அவர் பிடித்துக்கொண்டு வந்த நூல் அங்கே அறுந்து நின்றது.

“ஆச்சியைப் பாக்கலாமா?” என்றாள் முத்தழகு.

“முடியாது,” என்றார் செட்டியார். “அது பொம்பளையாளுக இருக்கிற கட்டு.”

“நானும் பொம்பளைதான். சந்தேகம்னா சப்-இன்ஸ்பெக்டரைக் கேட்டுக்கங்க.” அவள் அதற்குள் படியில் ஏறியிருந்தாள். செட்டியார் பின்னாலேயே வரப் பார்த்தார். குழந்தைவேலுவின் உடம்பு வாசற்படியை மறித்துக்கொண்டது. அந்த உடம்பால் ஏற்பட்ட மிகப் பெரிய உபகாரம் அதுவாகத்தான் இருக்கும்.

உமையாள் ஆச்சி அடுப்படியில் உட்கார்ந்து குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வரவேற்கவில்லை.

“யாரு நீ?”

“முத்தழகு. கொத்தமங்கலம், ஆச்சி.”

“எதுக்கு வந்தே? அந்தப் பையனோட லைசென்ஸ் விவகாரம் முடிஞ்சுச்சா, இல்லையா? ராத்திரியிலேருந்து இந்தத் தகரத்துக்குள்ள வெந்துக்கிட்டுக் கெடக்கேன். சாமி கும்பிட வந்தவளை ஸ்டேஷன்ல குடி வச்சுட்டாக.”

முத்தழகு ‘லைசென்ஸா?’ என்று கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அது அபூர்வம்.

“அரிசி டின்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கணும், ஆச்சி.”

“அதுவும் ஒரு வார்த்தையா? அந்த மீசைக்காரரும் திரைக்கு அங்குட்டு நின்னுக்கிட்டு அதைத்தான் கேட்டாரு. சோறு போடப் போற மாதிரி எல்லாரும் அரிசியையே கேக்குறீக.” ஆச்சி பக்கத்திலிருந்த ஜாடியை இழுத்துத் திறந்து பார்த்து, அலுத்துப்போய் முத்தழகின் கையில் கொடுத்தாள். “வந்தது வந்தே. உப்பு நிறைஞ்சிருக்கு. அந்தா ரோட்டுக் கடையில ஒரு படி வாங்கிட்டு வா.”

வாசற்படியை மறித்து நின்ற குழந்தைவேலு ஓட்டல் சாப்பாட்டில் வளர்ந்தவர். ஓட்டலில் சாம்பார் தீர்ந்தால் ‘தீந்துபோச்சு’ என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லுவார்கள். “நிறைஞ்சிருந்தா எதுக்கு ஆச்சி வாங்கணும்?” என்றார், வெள்ளந்தியாக.

முத்தழகு ஜாடிக்குள் பார்த்தாள். அடியில் ஒரு பொட்டு ஈரம். உப்பென்று சொல்ல ஒரு கல்கூட இல்லை.

அவளுக்கு உச்சியில் குட்டு விழுந்த மாதிரி இருந்தது. கொத்தமங்கலத்தில் அவள் வீட்டிலும் இதே பேச்சுத்தான். மங்கலமான பண்டங்கள் தீர்ந்துபோனால் குடும்பத்துப் பெண்கள் ‘இல்லை’ என்றோ, ‘காலி’ என்றோ வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அந்த வீட்டில் அந்தப் பண்டம் தங்காதாம். உப்பு தீர்ந்தால் உப்பு நிறைஞ்சிருக்கு. மஞ்சள் தீர்ந்தால் மஞ்சள் நிறைஞ்சிருக்கு. அரிசி தீர்ந்தால்?

“ஆச்சி,” என்றாள் முத்தழகு. “அந்த மீசைக்காரர்கிட்ட நீங்க சொன்னதை, சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

“கிளம்பறப்ப டின்னுல அரிசி இருந்துச்சாம்மான்னாரு. ‘அது போன வாரமே நிறைஞ்சு போச்சுங்களே’ன்னேன். ஊரே அரிசிக்கு வரிசையில நிக்கிற வருஷம். திருக்கோஷ்டியூர்ப் பக்கம் குத்தகை நெல்லு அரைச்சு வச்சிருக்காக, திரும்பறப்ப ரொப்பிக்கலாம்னுதானே டின்னைத் தூக்கிப் போட்டு வந்தோம்? அதைச் சொல்றதுக்குள்ள அவரு சரின்னு போயிட்டாரு. இவுகளும் கூடத்தான் நின்னாக.”

கூட நின்றவர், பள்ளத்தூரில் பிறந்து, இதே சொல்லைத் தாயிடமும் தாரத்திடமும் ஐம்பது வருஷமாகக் கேட்டு வளர்ந்தவர். வடக்கத்தி சப்-இன்ஸ்பெக்டர் தப்பாகப் புரிந்துகொண்டதை அவர் புரிந்துகொண்டார். வாயைத் திறக்கவில்லை. செட்டியாரின் ஆயுளில் மிகப் புத்திசாலித்தனமான பேச்சு, அங்கே அவர் பேசாமலிருந்ததுதான்.

குழந்தைவேலு விஷயத்தைச் சொன்னபோது சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார். அது நட்பான சிரிப்பு இல்லை.

“நிறைஞ்சதுன்னா காலி. நாளைக்குப் பூட்டினதுன்னா தொறந்ததுன்னு சொல்லுவீங்க. திருடினான்னா குடுத்தான்னு அர்த்தமா?”

“சார், இந்த ஊர்ல எந்த அடுப்படியில வேணா கேட்டுப் பாருங்க.”

“அடுப்படியைக் கோர்ட்ல கூண்டுல ஏத்த முடியாதுய்யா. நான் காதால கேட்ட வார்த்தை நிறைஞ்சது. அந்தம்மா வந்து, என் முன்னாடி, டின்ல அரிசி இல்லைன்னு வாயால சொல்லட்டும். அவனை விட்டுடறேன். சொல்லலைன்னா ஜீப் கிளம்பும்.”

செட்டியார் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார். தங்கப் பல் தெரிந்தது.

“மகளுக்கு வர்ற முகூர்த்தத்துல கல்யாணம். எங்க வீட்டுப் பொம்பளையாளுக வாயில அந்தச் சொல்லு வராது. என் ஆத்தா சாகுற மட்டும் அரிசியையும் அந்தச் சொல்லையும் சேத்துச் சொன்னதில்லை. உமையாளும் சொல்ல மாட்டா. கௌரவமான குடும்பம் பாருங்க.”

சொன்னது பொய்யில்லை. அதுதான் அதில் விஷமம். ஜீப்பை ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். கான்ஸ்டபிள் லாக்கப்பைத் திறந்து அல்லாபிச்சையின் கையில் விலங்கு மாட்டினார்.

முத்தழகு மறுபடி படியேறினாள். இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை.

“ஆச்சி, அல்லாபிச்சை உள்ள இருக்கிறது லைசென்ஸுக்காக இல்லை. உங்க மக கல்யாண வெள்ளியைத் திருடிட்டாருன்னு.”

“எந்த வெள்ளியை?” ஆச்சியின் கை புளிச் சட்டியிலேயே நின்றது. “வெள்ளி பள்ளத்தூர்ல இரும்புப் பெட்டியில இருக்கு.”

“அரிசி டின்னுல இருந்துச்சாம். அரிசிக்கு அடியில.”

“எந்த அரிசிக்கு அடியில?”

“அதைத்தான் ஆச்சி எல்லாரும் உங்க வாயால கேக்கணும்கிறாக. நீங்க நிறைஞ்சதுன்னதை அவரு நிறைய இருந்துச்சுன்னு எடுத்துக்கிட்டாரு. உங்க சொல்லுலதான் அந்த ஆளு ஜெயிலுக்குப் போறாரு. அவரு பொண்டாட்டி காரைக்குடி பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கு.”

ஆச்சி கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். வெல்வெட் திரையை ஒதுக்கி, சஞ்சார விலாஸின் படியில் இறங்கி, அந்த வெயிலில் செருப்பில்லாமல் வளாகத்தைக் கடந்து வந்தாள். செட்டியார் எழுந்துவிட்டார்.

“உமையாளு, உள்ள போ.”

“பெட்டிச் சாவியைக் குடுங்க.”

“எதுக்கு?”

“ஆளை விட்டு வெள்ளி இருக்கான்னு பாக்கச் சொல்லப் போறேன்.”

செட்டியாரின் கை மடியைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே நின்றது. அவர் பார்வை, தன்னையறியாமல், வாகை மரத்தடிக்குப் போனது. பளபளக்கும் பித்தளைக் கைப்பிடிகள், பர்மாத் தேக்குக் கட்டில், வெல்வெட், நாலு புதுச் சக்கரம். குழந்தைவேலு அந்தப் பார்வையைப் பின்தொடர்ந்து போய்த் திரும்பினார். டிக்கெட் இல்லாதவன் கண் எப்போதும் ஒளித்த இடத்துக்குத்தான் போகும்.

“பெட்டியில இருக்காது, ஆச்சி,” என்றார் மெதுவாக. “அதை வித்துத்தான் இந்தப் பஸ்ஸைப் பண்ணியிருக்காக. உங்க வெள்ளியிலதான் ராத்திரி படுத்திருந்தீக.”

ஆச்சி பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை, கத்தவும் இல்லை. புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அப்புறம் விலங்கோடு நின்ற அல்லாபிச்சையைப் பார்த்தாள். அவன் யாரையும் பார்க்கவில்லை.

“உமையாளு.” செட்டியாரின் குரல் தாழ்ந்திருந்தது. “கல்யாண மாசம். வாயில அந்தச் சொல்லு வரலாமா? நம்ம புள்ளைக்கு ஆகுமா?”

ஆச்சி சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். உதடு ஒரு தரம் திறந்து மூடியது. கழுத்துத் தாலியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முத்தழகாலும் அந்தச் சொல்லை அப்படிச் சொல்லிவிட முடியாது என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

“அந்த டின்னுல,” என்றாள் ஆச்சி. நிறுத்தினாள். “அந்த டின்னுல அரிசி இல்லை. கிளம்பறப்பவே இல்லை. ஒரு மணிகூட இல்லை.”

சப்-இன்ஸ்பெக்டர் மீசையைத் தொட்டார். அவருக்குப் புரிந்த பாஷையில் கடைசியாக ஒருவர் பேசியிருந்தார். ஏனோ அதில் அவருக்கு மகிழ்ச்சி ஏற்படவில்லை. கான்ஸ்டபிளைப் பார்த்துத் தலையசைத்தார். விலங்கு அல்லாபிச்சையின் கையிலிருந்து கழன்றது. அவன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே ஆச்சிக்கு முன்னால் வந்து நின்றான். ஒரு தரம் தலையைக் குனிந்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

“செட்டியாரே, உள்ள வாங்க,” என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அந்த ஒரே நல்ல நாற்காலியில் இப்போது அவரே உட்கார்ந்துகொண்டார். “பொய்ப் புகார் குடுத்ததைப் பத்திக் கொஞ்சம் பேசணும்.”

செட்டியார் மனைவியின் பக்கமாக நகர்ந்தார். கௌரவம் அவரை விட்டு இறங்கிப்போய், பின்னாலிருந்து ஒரு சாதாரணக் கிழவர் எட்டிப் பார்த்தார்.

“உமையாளு, நீ ஒரு வார்த்தை சொல்லு. ஏதோ ஞாபகப் பிசகுல புகார் குடுத்துட்டாகன்னு சொல்லு. நீ சொன்னா கேப்பாரு.”

“இல்லை,” என்றாள் ஆச்சி.

இந்தத் தடவை அந்தச் சொல் அவள் வாயில் கொஞ்சம்கூடத் தடுக்கவில்லை.